மின்நிலையம் கட்டினால் மட்டும் கரன்ட் வந்துவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: வளரும் நாட்டில் மின்தட்டுப்பாடு என்றால் புதிய மின்நிலையம் கட்ட வேண்டியதுதானே, எதற்காக இத்தனை ஆயிரம் கோடியை டவரிலும் கம்பியிலும் போடுகிறார்கள், அதுவும் ஏன் இத்தனை வருடம் ஆகிறது? கூடவே, உங்கள் ஊர்ப் பக்கம் 765 கே.வி. (ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்) லைன் ஒன்று வரப்போகிறது, சர்வே ஆட்கள் வந்து போனார்கள், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் துணை மின்நிலையங்களிலும் லைன் வேலையிலும் இருந்து ஓய்வு பெற்றவன். பொதுவாகப் பேசுவதைவிட இந்தியாவில், குறிப்பாகத் தென்னிந்தியாவில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தது அதுதான்.

2012ஐ நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சென்னையைத் தாண்டிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரன்ட் இருக்காது. கோவைப் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் டீசல் ஜெனரேட்டர் சத்தம்தான். அதே வருடம் நாட்டின் மேற்கிலும் கிழக்கிலும் விற்பதற்கு மின்சாரம் இருந்தது. வாங்கிக்கொள்ளப் பணத்தோடு தொழிற்சாலைகளும் இருந்தன. ஆனால் மின்சாரச் சந்தையில் தெற்குக்கு மட்டும் தனி விலை இருக்கும், மற்ற மண்டலங்களைவிட அதிகமாக. காரணம், அங்கிருந்து இங்கே கொண்டுவரக் கம்பியில் இடமில்லை. தமிழ்நாட்டின் சொந்த அனல்மின் திட்டங்களும் அப்போது தாமதமாகிக் கிடந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்று நாம் அனுபவித்த பற்றாக்குறையில் ஒரு பெரிய பங்கு வழிப் பற்றாக்குறை.

அப்போதைய அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். இந்தியாவில் ஐந்து மண்டல மின்தொகுப்புகள். ஒரு தொகுப்பில் இருக்கும் எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 சுற்று என்ற அதிர்வெண்ணில் ஓடவேண்டும். 1991இல் கிழக்கும் வடகிழக்கும் இணைந்தன, 2003இல் மேற்கு சேர்ந்தது, 2006இல் வடக்கு. தெற்கு மட்டும் தன் தாளத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் முக்கியமாக மூன்று இடங்களில், தாளம் வேறாக இருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தக்கூடிய நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்பு இருந்தது: மகாராஷ்டிரத்தில் பத்ராவதி, விசாகப்பட்டினம் பக்கம் காஜுவாகா, அப்புறம் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை ஒரு நீண்ட லைன். தென்மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பெரிய வாசல்கள் என்று சொல்ல இருந்தவை இவைதான்.

2012 ஜூலை 30ஆம் தேதி அதிகாலை 2.33க்கு வடக்குத் தொகுப்பு விழுந்தது. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன, டெல்லி மெட்ரோ நின்றது. தெற்கு தப்பித்தது. "தனியாக இருந்ததால் பிழைத்தோம், இணையவே கூடாது" என்று அப்போது எங்கள் துறையிலேயே பலர் பேசினார்கள். நான் அதை ஏற்கவில்லை. இரண்டு நாள் இருட்டிலிருந்து நம்மைக் காப்பாற்றிய அதே தனிமைதான் வருடம் முழுவதும் பத்து மணி நேர மின்வெட்டையும் கொடுத்தது.

அந்த விபத்து எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது. மேற்கையும் வடக்கையும் இணைக்கும் முக்கிய வழிகளில் ஒன்று பினா, குவாலியர், ஆக்ரா வழியாகப் போகும் 400 கே.வி. லைன். அதில் ஒரு சர்க்யூட்டை (தனியாக மின்சாரம் கடத்தும் ஒரு கம்பித் தொகுதியை) ஷட்டவுன் எடுத்திருந்தார்கள். எதற்கு? அதை 765 கே.வி.க்கு உயர்த்துவதற்காக. மேம்படுத்தும் வேலைக்காகத்தான் ஒரு வழி மூடப்பட்டிருந்தது. மிச்சமிருந்த பினா குவாலியர் சர்க்யூட் மேல் சுமை ஏறியது. மழை பொய்த்த ஜூலை, வயல்களில் எல்லா பம்பும் ஓடுகிறது, வடமாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கியதைவிட அதிகமாக இழுக்கின்றன, குறையுங்கள் என்று கட்டுப்பாட்டு மையம் சொல்லியும் போதுமான அளவு குறையவில்லை.

பழுது வந்தால் லைனைத் தானாகத் துண்டித்துப் பாதுகாக்கும் கருவியான டிஸ்டன்ஸ் ரிலே ஒரு எளிய கணக்கைப் போடும்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகு. விடை சிறிதாக இருந்தால் எங்கோ பழுது என்று பொருள். தூரத்துப் பழுதைப் பார்ப்பதற்கு மூன்றாம் மண்டலம் என்று ஓர் எல்லை வைத்திருப்பார்கள். சுமை மிக அதிகமாகி, அழுத்தமும் சரியும்போது அந்த விடை தானாகவே சிறுத்து, பழுது போலவே தோன்றும். லைனில் ஒரு பழுதும் இல்லை. கம்பி அறுந்து விழவில்லை, மரம் சாயவில்லை. ரிலே பழுது என்று எண்ணி லைனைத் துண்டித்துவிட்டது. அந்தச் சுமை முழுவதும் மற்ற லைன்கள் மேல் பாய, ஒவ்வொன்றாக டிரிப் ஆகி, சில நொடிகளில் வடக்கு தனித்துப் போய் விழுந்தது.

ஆகவே, வேண்டியது புதிய கம்பி மட்டும் இல்லை. பழைய வழியை உயர்த்தும்போது அந்தச் சுமையைத் தாங்க மாற்று வழி முன்கூட்டியே இருக்கவேண்டும். ஒரு லைன் போனாலும் மீதி தாங்கவேண்டும் என்பது எங்கள் அடிப்படை விதி. ஷட்டவுன் எடுத்த நாளில் நீங்கள் ஏற்கெனவே ஒன்றை இழந்துவிட்டீர்கள், அதற்கு மேல் இன்னொன்று போனாலும் தாங்குமா என்று கணக்குப் போடவேண்டும். மேம்பாட்டு வேலை வருடக்கணக்கில் இழுப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். லைனில் ஆள் ஏறவேண்டும் என்றால் லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது என்ற அனுமதி) வாங்கி, இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டு, அதற்குப் பிறகுதான் ஏற முடியும். தொகுப்பு திணறும் கோடையில் ஷட்டவுன் கிடைக்காது. மழைக்காலத்தில் கிடைக்கும், ஆனால் டவர் அடிக்குப் போகச் சேற்றில் வண்டி இறங்காது. இப்படித்தான் ஆறு மாத வேலை இரண்டு வருடம் ஆகிறது.

2013 டிசம்பர் 31 இரவு, கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கே.வி. லைன் வழியாகத் தெற்கு மற்ற நான்கோடு இணைந்தது. நாடு முழுவதும் ஒரே அதிர்வெண். அன்று கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்களுக்கு அது புத்தாண்டு இரவாக இருந்ததே நினைவிருக்காது. மறுநாளே மின்வெட்டு தீர்ந்துவிடவில்லை. புதிதாகச் சேர்ந்த இணைப்பில் முதலில் கொஞ்சமாகத்தான் சுமை ஏற்றுவார்கள். கூடுதல் லைன்கள் ஒவ்வொன்றாக வர வர, வரம்பை உயர்த்திக்கொண்டே போனார்கள். 2014இல் மண்டலங்களுக்கிடையே ஏறக்குறைய 36,000 மெகாவாட் கடத்தும் திறன் இருந்தது. பத்து வருடத்தில் அது 1,18,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, மாநிலம் அதைச் சமாளித்தது. 2012இல் இருந்த வாசல்களை வைத்துக்கொண்டு அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

சரி, ஏன் 765 கே.வி.? ஏன் அவ்வளவு பெரிய டவர்? ஒரு கணக்குப் பார்க்கலாம். 100 மெகாவாட்டை 110 கே.வி.யில் அனுப்பினால் கம்பியில் ஏறக்குறைய 525 ஆம்பியர் ஓடும். அதையே 400 கே.வி.யில் அனுப்பினால் 145 ஆம்பியர் கூட வராது. கம்பி சூடாகி வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரே கம்பி, ஒரே தூரம் என்றால் 110 கே.வி.யில் வீணாவது 400 கே.வி.யில் வீணாவதைப்போல் 13 மடங்கு. அழுத்தத்தை உயர்த்துவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? 765 கே.வி. லைன் ஒன்று, சாதாரண 400 கே.வி. சர்க்யூட் நான்கு சேர்ந்து சுமப்பதை நீண்ட தூரத்துக்குச் சுமக்கும். நான்கு லைனுக்கு நான்கு வரிசை டவர் நிற்பதற்குப் பதில் ஒரு வரிசை.

உயர்ந்த அழுத்தத்துக்கு ஒரு தொல்லையும் உண்டு. புதிதாக வருபவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். லைனில் சுமை குறைவாக இருந்தால் அழுத்தம் தானாக ஏறும். நீண்ட லைன் ஒரு பெரிய கெப்பாசிட்டர் மாதிரி. நள்ளிரவு இரண்டு மணி, மழை பெய்து ஊரெல்லாம் ஃபேன் நிறுத்தித் தூங்குகிறது என்று வையுங்கள். துணைமின்நிலையத்தில் லைன்கள் வந்து சேரும் 400 கே.வி. பஸ்பாரில் மீட்டர் 420ஐத் தாண்டி 425 காட்டும். ஷிப்டில் இருப்பவர் அழுத்தத்தைக் குறைக்கும் பெரிய சுருளான ரியாக்டரைச் சேர்ப்பார். அதற்கும் அடங்கவில்லை என்றால் சென்னை எல்.டி. சென்டருக்கு (மாநிலத்தின் மின்சுமையைக் கட்டுப்படுத்தும் மையத்துக்கு)ப் போன் போட்டு, அவர்கள் பெங்களூரில் இருக்கும் தென்மண்டல மையத்தைக் கேட்டு, நல்ல நிலையில் இருக்கும் லைன் ஒன்றையே துண்டித்து வைப்பார்கள். அத்தனை கோடி போட்டுக் கட்டிய லைனை இரவில் அணைத்து வைக்கிறோமே என்று எனக்கு ஆரம்பத்தில் மனசு கேட்காது. லைனோடு சேர்த்து ரியாக்டரையும் திட்டத்தில் வைக்க வேண்டும், லைன் முதலில், ரியாக்டர் அடுத்த டெண்டரில் என்று தள்ளக்கூடாது என்பது நான் அந்த ராத்திரிகளில் கற்றது.

எல்லா இடத்திலும் புதிய லைன் தேவையில்லை. பழைய டவரிலேயே கம்பியை மட்டும் மாற்றலாம். (எங்கள் துறையில் கம்பிகளுக்கு மிருகப் பெயர்: 110க்கு பேந்தர், 230க்கு சீப்ரா, 400க்கு மூஸ்.) வழக்கமான அலுமினியக் கம்பி 75, 85 டிகிரிக்கு மேல் சூடானால் தொய்ந்து தரையை நோக்கி இறங்கும். அதிக வெப்பத்திலும் தொய்வு குறைவாக இருக்கும் புதுவகைக் கம்பி போட்டால் அதே டவரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொண்டுபோகலாம். விலை கூடுதல்தான். ஆனால் நகரத்துக்குள், வீடுகளுக்கு நடுவில் போகும் 110 கே.வி. லைனுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புதிதாக ஒரு சென்ட் நிலம் வேண்டாம்.

ரொம்ப தூரம், ரொம்ப அதிகம் என்றால் நேர்மின்னோட்டம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் பக்கத்துப் புகளூருக்கு வரும் 800 கே.வி. லைன் 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம், திறன் 6,000 மெகாவாட். 2021இல் முழுமையானது. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 320 கே.வி.யில் இன்னொரு 2,000 மெகாவாட். கேரளத்துக்குள் இடம் கிடைக்காததால் அதில் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகப் போகிறது. ராய்கர் லைனில் எனக்குப் பிடித்தது, அது இருவழி. காற்று இல்லாத மாதங்களில் வடக்கிலிருந்து வாங்கலாம், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் உடுமலையிலும் காற்று வீசும்போது நாம் அனுப்பலாம்.

ஆனால் அந்த லைன் வந்த பாதையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக விவசாயிகள் 2018 வாக்கில் பெரிய போராட்டம் நடத்தினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். ஊடகங்களில் அதை வளர்ச்சிக்கும் விவசாயத்துக்கும் சண்டை என்று எழுதினார்கள். நேரில் நிலவரம் வேறு மாதிரி இருந்தது.

வேறொரு லைனுக்காக நான் அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். அறுபது வயதுக்காரர் ஒருவர் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "மரத்துக்குக் காசு குடுப்பீங்க, செரிங்க. கம்பிக்கு அடியில வர்ற பூமிய அடமானம் வெச்சா பேங்குல எவ்வளவு குடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க சார்." என்னிடம் பதில் இல்லை. லைன் அவர் நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப்போனால் விலை போகாது. 400 கே.வி.க்கு 46 மீட்டர் அகலம், 765க்கு 67 மீட்டர் என்று ஒதுக்கினால், 765 லைன் ஒரு கிலோமீட்டர் போவதற்குப் பதினாறு ஏக்கருக்கு மேல் இப்படி முடங்குகிறது. அந்தப் பதினாறு ஏக்கரில் டவர் கால் ஊன்றும் இடம் மிகச் சிறியது. நாங்களோ வெகுகாலம் கால் ஊன்றும் இடத்தையும் வெட்டும் மரத்தையும் மட்டுமே கணக்கில் எடுத்தோம்.

இதற்கெல்லாம் சட்டம் 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம். 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை மின்லைனுக்கும் கொடுக்கிறது. தந்திக் கம்பம் நடுவதற்காக எழுதிய சட்டத்தை வைத்து அறுபது மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதையை எடுப்பது நியாயமாக எனக்கு ஒருநாளும் படவில்லை. 2015இல்தான் மத்திய அரசு நிலமதிப்பை வைத்து வழிகாட்டுதல் கொடுத்தது: டவர் அடிக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதைத் திருத்தி டவர் அடிக்கு 200 சதவீதம், கிராமப்புறப் பாதைக்கு 30 சதவீதம், நகரப் பகுதிகளுக்கு அதைவிட அதிகம் என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம். லைன் ஒரு வருடம் நின்றால் ஆகும் இழப்பில் இந்தத் தொகை சின்னது. முதலிலேயே கொடுத்திருந்தால் பல லைன்கள் நேரத்துக்கு முடிந்திருக்கும்.

மாநிலத்துக்குள் இருக்கும் வலையமைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 765 லைன் வந்தால் பத்திரிகையில் படம் வரும், 110 கே.வி. துணைமின்நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினால் வராது. ஆனால் கடைக்கோடிக் கிராமத்தில் சாயங்காலம் மோட்டார் எடுக்காமல் உறுமுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அடுக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலமும் இப்படி வந்ததுதான். ஒரு காற்றாலைப் பண்ணையை ஒரு வருடத்துக்குள் கட்டி முடித்துவிடலாம், அதன் மின்சாரத்தை எடுத்துச் செல்லும் 400 கே.வி. லைனுக்கு நான்கு வருடம். கயத்தாறு, தப்பகுண்டு, ஆனைக்கடவு, ராசிபாளையம் என்று 400 கே.வி. நிலையங்கள் வருவதற்குள் எத்தனையோ காற்றுப் பருவங்கள் வீணாகிவிட்டன. சூரிய மின்சாரத்திலும் அதே கதைதான். சூரியப் பண்ணையைக் கட்டுவது காற்றாலையைவிட வேகம்.

சூரிய மின்சாரம் கூடும்போது இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு. எல்லோரும் குரங்கைப் பற்றித்தான் பேசினார்கள். ஞாயிறு நண்பகல், தேவை குறைவு, கூரை மேல் சூரியத் தகடுகள் நிறைய ஓடுகின்றன, அதனால் கனமாகச் சுழலும் பெரிய எந்திரங்கள் குறைவாகவே ஓடின. அந்தக் கனம்தான் அதிர்ச்சியை ஒரு சில நொடி தாங்கும். அது குறைந்திருந்தபோது ஒரு நிலையத்தின் பழுது தீவு முழுக்கப் பரவிவிட்டது. இந்தியாவுக்கு ஐந்து தொகுப்பின் கனமும் சேர்ந்து இருக்கிறது. தனித்தீவுக்கு அந்த வசதி இல்லை. இலங்கை போன்ற நாடு லைன் போடுவதோடு நிறுத்தாமல், மின்கலத் தொகுதிகளையும் சுமையில்லாமல் சுழலும் எந்திரங்களையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

என்னிடம் ஒரு நாட்டின் திட்டத்தைக் கொடுத்து எங்கே தொடங்குவாய் என்று கேட்டால், முதலில் இருக்கும் ரிலேக்களின் செட்டிங்கை எல்லாம் சரிபார்ப்பேன். அதற்கு ஆகும் செலவு அற்பம், 2012 மாதிரி ஒன்று நடக்காமல் தடுக்கும். பிறகு நெரிசலான 110, 230 லைன்களில் கம்பி மாற்றுவேன், டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இப்போதே ஆர்டர் கொடுப்பேன், ஏனென்றால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கடையில் வாங்கும் பொருள் இல்லை, கேட்டு வருவதற்கு வருடங்கள் ஆகும். பெரிய லைன்களுக்கான பாதையை மின்நிலையம் எங்கே என்று முடிவாகும் முன்பே குறித்து, நிலத்துக்காரர்களோடு பேசத் தொடங்கிவிடுவேன்.

இனி உங்கள் ஊர் லைன். எதிர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் சர்வே கல் நட்ட பிறகு பாதையை மாற்றுவது கஷ்டம், அதனால் இப்போதே கேளுங்கள். வழக்கமாக மாற்றுப் பாதைகளையும் ஆராய்ந்துதான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வரைபடங்களைப் பார்க்கக் கேளுங்கள், ஓடைப் புறம்போக்கு, ரோட்டோரம் வழியாகப் போகமுடியாததற்குக் காரணம் கேளுங்கள். உங்கள் நிலத்தில் டவர் வருகிறதா, கம்பி மட்டும் மேலே போகிறதா என்பதை சர்வே எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். டவரைப் பத்து இருபது மீட்டர் நகர்த்தி வரப்போரம் வைப்பது பல இடங்களில் முடியக்கூடிய காரியம், நானே செய்திருக்கிறேன். 2024 வழிகாட்டுதலை மாநில அரசு ஏற்று உத்தரவு போட்டிருக்கிறதா, எந்தத் தேதி உத்தரவுப்படி உங்களுக்குக் கணக்கிடுகிறார்கள் என்று கலெக்டர் அலுவலகத்தில் மனுவாகக் கேளுங்கள். தொகை போதாது என்றால் தந்திச் சட்டத்தின் 16ஆவது பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். வெட்டப்போகும் ஒவ்வொரு மரத்துக்கும் வயதும் காய்ப்பும் எழுதிய மகஜர் போடும்போது நீங்கள் கூடவே நில்லுங்கள், எண்ணிக்கையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.